ஆற்றுமேட்டில் யாரும் சாகவில்லை

பவதாரணி அறைந்த அறையில் தர்ஷிகாவின் மூக்குக் கண்ணாடி பறந்து போய்க் கடைசி பெஞ்சுக்கு அடியில் விழுந்தது. ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு முழுதும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த இரண்டு பெண்களும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே டப்பாவில் சோறு தின்றவர்கள். ஒருத்தி லீவு போட்டால் மற்றவளுக்கும் காய்ச்சல் வரும்.

சமூக அறிவியல் ஆசிரியை மங்கையர்க்கரசி ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்றாள். பிள்ளைகள் அடித்துக்கொண்டு அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ‘இதம்’ வந்த பிறகு வேங்கைப்பாளையம் அரசுப் பள்ளியில் சண்டை என்பதே கிடையாது.

இதம் என்பது பாடம் திட்டமிடும் இயந்திரம். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆசிரியர்கள் பாடக் குறிப்பு எழுத உட்கார்ந்துவிடுவார்கள். எதை முதலில் சொல்வது, எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது, எந்தப் படத்தைக் காட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இப்போது அதையெல்லாம் இதம் பார்த்துக்கொண்டது. அதுவும் வகுப்புக்கு ஒரு திட்டம் இல்லை, பிள்ளைக்கு ஒரு திட்டம். ஒவ்வொரு பிள்ளையின் மேசையிலும் ஒரு மின்பலகை, காதில் ஒரு கருவி, மணிக்கட்டில் நாடி பார்க்கும் ஒரு கைப்பட்டை. பிள்ளைக்குக் கொட்டாவி வந்தால் பாடம் கதையாகும். புரியவில்லை என்றால் மறுபடி வேறு விதமாக வரும். காலையில் எல்லாப் பாடங்களின் சுருக்கத்தையும் ஒரு பார்வை பார்த்து, ‘சரி’ என்று விரலால் தொட்டுவிட்டு, யாரும் தூங்காமல் பார்த்துக்கொண்டு நடந்தால் ஆசிரியரின் வேலை முடிந்தது.

கணக்கில் அது அற்புதம் செய்தது. வாய்ப்பாடு வராத பிள்ளைகள் எல்லாம் தேறின. கூட்டங்களில் மங்கையர்க்கரசியே அதைப் புகழ்ந்து பேசியிருக்கிறாள். அதே மருந்தைத்தான் வரலாற்றுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று யாரும் தனியாகச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அன்று டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துக் காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. பலகைகள் ஒவ்வொன்றாக அணைந்துபோயின. சரி, வாயால் பேசுவோம் என்று, அந்த வாரப் பாடமான ‘நம் ஊரின் பெருவெள்ளம்’ பற்றி யாராவது சொல்லுங்கள் என்றாள்.

தர்ஷிகா எழுந்தாள். எப்போதும் முதலில் எழுகிறவள்.

“கருவாற்று அணை நிரம்பி உடையற மாதிரி இருந்துச்சு டீச்சர். மூணு தடவ அபாயச் சங்கு ஊதி எல்லாரையும் போகச் சொன்னாங்க. அப்புறம்தான் மதகத் திறந்தாங்க. அதனாலதான் ஊரே பொழச்சுச்சு. ஆற்றுமேட்டுல மட்டும் பேச்சக் கேக்காம டிவி, பாத்திரம் எடுக்கத் திரும்பிப் போனாங்க. அவங்க செத்துட்டாங்க.”

“பொய்யி!” பவதாரணி குதித்து எழுந்தாள். ஆற்றோரக் குடியிருப்பான ஆற்றுமேட்டில் முன்பு இருந்த குடும்பம் அவளுடையது. “யாருமே சாகல. எல்லாத்தையும் படகுல ஏத்திக் காப்பாத்துனாங்க. நான் படிச்சேன்.”

“நானும்தான் படிச்சேன். செத்தாங்க. உனக்குத் தெரியாதா? எங்க வீட்டுல பேசிக்குவாங்களே. உங்கண்ணன்கூட அதுலதானே...”

“எனக்கு அண்ணனே கெடையாது!”

“இருந்தான்டி.”

அப்போதுதான் அறை விழுந்தது.

மங்கையர்க்கரசி கண்ணாடியை எடுத்துத் துடைத்து தர்ஷிகாவிடம் கொடுத்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. படித்ததைச் சொன்னார்கள். வகுப்பைப் பார்த்து, மற்றவர்களுக்கு என்ன பாடம் வந்தது என்று கேட்டாள். ஒருவனுக்குப் பக்கத்து மாவட்டத்தில் வெள்ளம் வந்திருந்தது. ஒருத்திக்கு அணை தானாகவே உடைந்திருந்தது.

“எனக்கு வெள்ளமே வரலீங் டீச்சர்,” என்றாள் முன் வரிசைப் பெண் ஒருத்தி. “ஆத்துல வௌக்கு விடற நோம்பிதான் வந்துச்சு. நல்லா இருந்துச்சு.”

அந்த வாரம் திங்கட்கிழமை காலை தேநீர் குடித்துக்கொண்டே இந்தப் பாடங்கள் அத்தனைக்கும் ‘சரி’ என்று தொட்டது மங்கையர்க்கரசியின் விரல்தான். சுருக்கத்தில் ‘இயற்கைப் பேரிடர், மீட்பு, மன உறுதி’ என்று இருந்தது. வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். அவளுக்கும் அதற்குமேல் தெரியாது.

*

மறுநாள் காலை, பிரார்த்தனை முடியுமுன்பே பவதாரணியின் அம்மா சுகந்தி வாசலில் நின்றிருந்தாள். பனியன் கம்பெனிக்குப் போகிற கோலத்தில், தலையில் பஞ்சுத் தூசி படாமல் கட்டும் துண்டோடு.

“ஏனுங் டீச்சர், எம்புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?”

“மன்னிச்சுக்கங்கம்மா. அவளுக்கு இப்படியொரு விதத்துல தெரிஞ்சிருக்கக் கூடாது.”

“தெரிஞ்சதுக்கு நான் வெசனப்படலீங்க. இத்தன நாளாத் தெரியாம இருந்துச்சே, அதுக்குத்தான் வந்திருக்கறேன்.” சுகந்தியின் குரல் உயர்ந்தது. துக்கத்தால் அல்ல. “அவ பொறக்கறதுக்கு முந்தியே பையன் போயிட்டான். அவன் பேரச் சொல்ல எனக்கு வாய் வராதுங்க. சொல்ல உக்காந்தா நெஞ்சடைச்சுக்கும். சரி, பெரிய கிளாசுக்குப் போனா பள்ளிக்கூடத்துல வெள்ளப் பாடம் வரும், படிச்சுட்டு வந்து அவளே கேப்பா, அப்பச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். முந்தாநேத்து வந்தா. சிரிச்சுக்கிட்டே சொல்றா, ‘அம்மா, நம்மூரு வெள்ளத்துல ஒருத்தர்கூடச் சாகலியாம்மா’ன்னு. நான் என்னங் டீச்சர் பண்றது? பள்ளிக்கூடமே சொல்லிருச்சு. அப்ப எம்பையன் எங்கீங்க போனான்?”

வாசலில் போன பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

“எங்களால சொல்ல முடியாததச் சொல்லத்தானே உங்ககிட்ட அனுப்பறோம்,” என்றாள் சுகந்தி. சொல்லிவிட்டுக் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடினாள்.

*

மாவட்டத் தலைநகரில் இதத்தைக் கவனித்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் வித்யாசாகர், மங்கையர்க்கரசியை எழுந்து நின்று வரவேற்றார். மென்மையான மனிதர். அவரும் முன்பு வரலாற்று ஆசிரியர்தான்.

“உக்காருங்க டீச்சர். காபி சொல்லட்டுமா?”

“ஒரே கிளாசுல ஒரு பிள்ளைக்கு ஆற்றுமேட்டு ஆளுங்க தங்களாலதான் செத்தாங்கன்னும், இன்னொரு பிள்ளைக்கு யாருமே சாகலன்னும் சொல்லிக் குடுத்திருக்கு. இது என்ன பாடம் சார்?”

அவர் திரையைப் பார்த்தார். “ரெண்டு பிள்ளையுமே முழு மார்க்.”

“ரெண்டு பேருமேவா?”

“அவங்கவங்க பாடத்துலேருந்துதானே அவங்கவங்களுக்குக் கேள்வி. இதுல என்ன குறை?”

“பொய்ங்கறதுதான் சார் குறை.”

“இதத்துக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. உண்மை சொல்லவும் தெரியாது. நாடி பாக்கத்தான் தெரியும். பவதாரணிக்கு ஆற்றுமேடு, சாவுன்னு சேர்ந்து வந்தாலே நாடி எகிறியிருக்கு. வார்த்தைய எடுத்துருச்சு. தர்ஷிகாவோட தாத்தா அந்த அணையில இன்ஜினியரா இருந்தவரு. அவர்மேல குத்தம்னு வந்தா அவளுக்கு எகிறுது. குத்தத்த வேற பக்கம் தள்ளிருச்சு. இதுல யாரும் உக்காந்து சதி பண்ணலீங்க டீச்சர்.”

“பண்ணியிருந்தாக்கூடத் தேவல சார். பண்ணினவன் சட்டையப் புடிச்சிருக்கலாம்.”

வித்யாசாகர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நானும் ஒரே உண்மைய மொத்த கிளாசுக்கும் சொன்னவன்தாங்க. ஒரு சாதிக் கலவரத்தப் பத்தின பாடம். யார் வீட்ட யார் கொளுத்தினாங்கன்னு பேர் சொல்லி நடத்துனேன். அன்னிக்குச் சாயங்காலம் பள்ளிக்கூட வாசல்ல கல்லடி பட்டு ஒரு பையனுக்குக் கண்ணு போச்சு. இன்னிக்கும் அவன் ஒத்தக் கண்ணோடதான் பஸ் ஸ்டாண்டுல கடை வச்சிருக்கான். நான் அந்தப் பக்கமே போறதில்ல. இதம் வந்ததுலேருந்து ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் உண்டா, சொல்லுங்க?”

“அந்தப் பையன் கண்ணு போனது உண்மையாலயா சார்? கல்லால போச்சு. கல்லெறிஞ்சவன விட்டுட்டுப் பாடத்தப் புடிச்சு உள்ள போட்டிருக்கீங்க.”

“கோபப்படாதீங்க டீச்சர்.”

“ஒரு தாய் வந்து எம்பையன் எங்க போனான்னு என்னக் கேக்கறா. கோபப்படாம என்ன பண்றது சார், நீங்களே சொல்லுங்க.”

காபி வந்தது. அவள் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

*

அந்த வாரம் மங்கையர்க்கரசி பல வருடத்துக்குப் பிறகு சொந்தமாக ஒரு பாடம் திட்டமிட்டாள். கை வரவில்லை. தாளை எடுத்து எழுதினாள், அடித்தாள், கசக்கிப் போட்டாள். ஆண்டு, மழையளவு, அணையின் கொள்ளளவு என்று தொடங்கினால் அது வெள்ளத்தைப் பற்றிய பாடமாக இருந்தது, ஆற்றுமேட்டைப் பற்றியதாக இல்லை. தானே சொல்லலாம் என்றால் தனக்கு என்ன தெரியும் என்ற கேள்வி வந்தது. கடைசியில் சுகந்தியின் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். சுகந்தி வெகுநேரம் மறுத்தாள். பிறகு, “எம்புள்ளகூட அந்தப் புள்ளையும் வரட்டும். இன்ஜினியரு பேத்தி. அவளும் கேக்கோணும்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை முற்பகல், பலகைகளையும் காதுக் கருவிகளையும் வகுப்பிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போனாள். தலைமையாசிரியை ஜன்னல் வழியாகப் பார்த்தார். கூப்பிட்டு நிறுத்தவில்லை. அனுமதி தந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

ஆற்றுமேடு இருந்த இடத்தில் இப்போது கம்பெனி லாரிகள் நிற்கும். ஜல்லி கொட்டிச் சமன் செய்திருந்தார்கள். ஆனாலும் ஓரங்களில் வீட்டுச் சுவர்களின் அடிவரிசைச் செங்கல் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அப்படியொரு கட்டத்துக்குள் சுகந்தி நின்றிருந்தாள். பவதாரணி அவளிடமிருந்து தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அறை விழுந்த நாளிலிருந்து அவள் அம்மாவோடு பேசவில்லை.

“இதுதான் எங்க வீடு,” என்றாள் சுகந்தி. “நீங்க நிக்கறது அடுப்படி.”

பிள்ளைகள் சட்டென்று விலகி நின்றன.

“அணை ரெண்டு நாளாத் தளும்பி நின்னுச்சு. அப்பவே கொஞ்சங் கொஞ்சமாத் தொறந்துவுட்டிருந்தா ஆத்தோட போயிருக்கும். ஆனா ஆத்தோரக் கம்பெனிகள்ல தண்ணி ஏறும், மெஷினெல்லாம் மாடிக்கு ஏத்தற வரைக்கும் பொறுங்கன்னு மொதலாளிங்க கேட்டுக்கிட்டாங்களாம். பொறுத்தாங்க. அந்த மெஷின ஏத்துனது யாருன்னு நெனைக்கறீங்க? நாங்கதான். ஆற்றுமேட்டுல இருந்த ஆம்பள பொம்பள அத்தன பேரும். ரெட்டைச் சம்பளம்னாங்க. கயிறு கட்டி, தோள் குடுத்து ஏத்துனோம். கடைசி மெஷினு ஏறுச்சு. எல்லாரும் கையத் தட்டுனோம். அப்பத்தான் மொத்த மதகையும் ஒண்ணாத் தொறந்தாங்க.”

சுகந்தி கம்பெனிகள் இருந்த பக்கம் கையை நீட்டினாள்.

“கம்பெனி மாடியில நின்னு பாத்தேன். எங்க தெரு முழுசும் தண்ணி. ஊட்டுல எம்பையனும் மாமியாரும்.”

“சங்கு ஊதுனாங்களா ஆன்ட்டி?” தர்ஷிகாதான் கேட்டாள்.

“சங்கு கேட்டிருந்தா நான் மெஷினுக்குத் தோள் குடுத்துட்டு நின்னிருப்பனா கண்ணு?”

தர்ஷிகா தலையைக் குனிந்துகொண்டாள். சுகந்தி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று மங்கையர்க்கரசி பயந்தாள். சுகந்தி தன் மகள் பக்கம் திரும்பினாள்.

“அவன் பேரு இனியன். ரெண்டு வயசு. உன்னாட்டமேதான், சோத்துல ரசம் ஊத்துனா அழுவான்.”

பவதாரணி செங்கல்லைத் தாண்டி வந்து அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்தாள். மங்கையர்க்கரசிக்கு ஆத்திரம் தாளவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, கொஞ்சம் உரக்கவே, யார் திறக்கச் சொன்னது, யார் பொறுக்கச் சொன்னது, யார் ஊதாமல் விட்டது, இத்தனைக்கும் ஒருவர்கூட ஏன் இன்றுவரை பதில் சொல்லவில்லை, வீட்டில் போய்க் கேளுங்கள் என்றாள். கத்தினாள் என்றே சொல்ல வேண்டும்.

திங்களன்று தர்ஷிகா சிவந்த கண்களோடு வந்தாள். தாத்தாவிடம் கேட்டிருக்கிறாள். அவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. பிறகு, “ஃபோன் வந்துச்சு. தொறந்தேன்,” என்று மட்டும் சொன்னாராம். சங்கு பழுதாகிக் கிடந்ததாம். இதைச் சொல்லிவிட்டு தர்ஷிகா பவதாரணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மத்தியானம் இருவரும் ஒரே டப்பாவைத் திறந்தார்கள்.

*

மெமோ வரும் என்று மங்கையர்க்கரசி காத்திருந்தாள். வித்யாசாகரிடமிருந்து தொலைபேசிதான் வந்தது.

“மெமோ இல்லீங்க டீச்சர். பாராட்டு. பலகையப் பூட்டி வச்சிட்டுப் போனீங்க, சரி. கைப்பட்டை பிள்ளைங்க கையிலயேதான இருந்துச்சு? அதுலயும் மைக் உண்டு, கேட்டிருக்கு. லாரி நிக்கற எடத்துல கேமராவும் இருக்கு. இந்த மாவட்டத்துல எந்தப் பாடத்துக்கும் பிள்ளைங்க இவ்வளவு ஊன்றி உக்காந்ததில்லீங்க. உங்க குரல், நீங்க நிறுத்தற எடம், கோபப்படற எடம், எல்லாத்தையும் இதம் எடுத்துக்கிச்சு. இனிமே மாவட்டம் முழுக்க வெள்ளப் பாடத்த நீங்கதான் நடத்தப் போறீங்க.”

வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவள் ஒரு கணம் மகிழ்ந்துபோனாள். இதம் தோற்றுவிட்டது என்றே நினைத்தாள்.

இரண்டொரு நாளில் தர்ஷிகா பலகையைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு ஓடிவந்தாள்.

“டீச்சர், இதப் பாருங்க.”

பலகையில் மங்கையர்க்கரசி நின்றிருந்தாள். அதே நீலப் பருத்திப் புடவை, பின்னால் அதே லாரிகள். கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள். “மூணு தடவ சங்கு ஊதினாங்க! மூணு தடவ! ஏன் கேக்கல? ஒருத்தர்கூட ஏன் கேக்கல?”

குரல் அவளுடையது. கோபமும் அவளுடையதுதான். அதை இதம் தூக்கிச் செத்தவர்கள்மேல் போட்டிருந்தது.

“நீங்க இப்படிச் சொல்லலியே டீச்சர்,” என்றாள் தர்ஷிகா. “நான் அங்கதான இருந்தேன்.”

மங்கையர்க்கரசிக்குப் பலகையைச் சுவரில் அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது. “பவதாரணிக்கு என்ன வந்திருக்கு?”

தர்ஷிகா தயங்கினாள். “அவளுக்கு... அவங்கண்ணன் வர்றான் டீச்சர்.”

மாடிப்படிக்குக் கீழே பவதாரணி காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் பலகை. அதில் சுகந்தி சிரித்துக்கொண்டே ஒரு குழந்தையைப் படகில் தூக்கி வைத்தாள். குழந்தை வளர்ந்தது. பள்ளிச் சீருடை போட்டது. மீசை அரும்பிய இளைஞனாகித் திரும்பி, பவதாரணியின் அதே மூக்கோடு, பவதாரணியைப் பார்த்துக் கையசைத்தது. பேச்சைக் கேட்டு ஆற்றுமேட்டு மக்கள் எல்லோரும் பிழைத்த கதையை மங்கையர்க்கரசியின் கனிந்த குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

“பவா, குடு அத.”

“பொய்யுன்னு எனக்குத் தெரியுங் டீச்சர்.” அவள் நிமிரவில்லை. “இன்னொரு தடவ பாத்துட்டுக் குடுத்தர்றேன்.”

பிடுங்கப் போன கையை மங்கையர்க்கரசி இழுத்துக்கொண்டாள். படியில் உட்கார்ந்தாள். பிள்ளை பார்த்து முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள். வாழ்நாளில் எந்த மனிதர்மேலும் அவளுக்கு அத்தனை வெறுப்பு வந்ததில்லை. வெறுக்க அங்கே ஒரு மனிதர்கூட இல்லை.

அவள் மேலே எழுதிப் போட்டாள். நேரில் போய்க் கத்தினாள். வித்யாசாகர் ஒவ்வொரு முறையும் வருத்தப்பட்டார். இதம் எந்த மாற்றமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூனில் புதிய ஒன்பதாம் வகுப்பு வந்தது. மங்கையர்க்கரசி உள்ளே நுழைந்ததுமே பிள்ளைகள் முகம் மலர்ந்து எழுந்தன.

“டீச்சர், உங்கள எங்களுக்கு முன்னாடியே தெரியும்!” என்றான் ஒருவன். “லீவுலயே பலகையில பாத்தோம். வெள்ளப் பாடம் நீங்கதான எடுத்தீங்க?”

“நான் என்ன சொன்னேன்?”

ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் அவள்தான் சொல்லியிருந்தாள். அப்படி இல்லை என்று அவள் மறுத்தபோது பிள்ளைகள் சிரித்தன. கண்ணால் பார்த்த டீச்சரை இந்த டீச்சர் மறுப்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. மறுபடி உரக்கச் சொன்னாள். அந்தக் குரலும் பலகையில் கேட்ட குரலாகவே இருந்தது.

அவள் வெளியே போய், பத்தாம் வகுப்பிலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிவந்தாள். பலகைகளையும் காதுக் கருவிகளையும் ஆசிரியர் அறையில் பூட்டினாள். எல்லோர் மணிக்கட்டிலிருந்தும் கைப்பட்டைகளைக் கழற்றி ஒரு வாளியில் போட்டு, அதைக் கொண்டுபோய் மைதானத்தின் மறுகோடியில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தர்ஷிகா கரும்பலகையில் அணையை வரைந்தாள். அதற்குக் கீழே கம்பெனிகளை வரைந்தாள். அதற்கும் கீழே சின்னச் சின்னக் கட்டங்களாக வீடுகளை வரைந்துவிட்டு, சாக்பீஸை மற்றவளிடம் நீட்டினாள்.

பவதாரணி ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

“இது எங்க வீடு,” என்றாள். “எங்கண்ணன் பேரு இனியன். அவன் செத்துட்டான்.”